சீனப் பழைய நகரத்தில் குடியிருக்க ஆசையா? சுவான்ஜோவுக்குப் போங்கள்

"சீனாவில் ஒரு பழைய நகரத்தில், மூன்று நாள் சுற்றிப் பார்ப்பதற்கு இல்லை, சில மாதங்களாவது தங்கி வாழ ஆசை. எந்த ஊர் நல்லது? வெளிநாட்டுக்காரருக்கு அங்கே அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பலரும் சியான் என்பார்கள், பெய்ஜிங் என்பார்கள். நான் சொல்வது ஃபூஜியான் மாகாணத்தில் கடலோரமாக இருக்கும் சுவான்ஜோ. ஆம்பூரில் ஷூ தொழிலில் இருந்த என்னை, ஷூவின் அடிப்பாகமான சோல் வாங்கி அனுப்பும் வேலைக்காக 2016 ஆகஸ்டில் அங்கே அனுப்பினார்கள். ஷூ தொழில்காரர்களுக்கு ஜின்ஜியாங் என்ற பெயர் தெரிந்திருக்கும். அது சுவான்ஜோவை ஒட்டிய ஊர்தான். தொழிற்சாலைப் பக்கம் அறை கொடுத்தார்கள். ஒரே மாதத்தில் அதை விட்டுவிட்டு, பழைய நகருக்குள் வாடகைக்கு வீடு பிடித்து மூன்று வருடம் குடியிருந்தேன். 2024-ல் ஒரு முறை திரும்பப் போய் வந்தேன். அதனால் இந்த ஊரைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதலில் பெயர். சுவான்ஜோ வேறு, குவாங்ஜோ வேறு. காதுக்கும் எழுத்துக்கும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும் இந்த இரண்டு ஊருக்கும் நடுவே ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம். டிக்கெட் எடுக்கும்போது இரண்டு முறை சரிபாருங்கள். சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர் வழியாக சியாமென் போய், அங்கிருந்து அதிவேக ரயிலில் அரை மணி நேரம் என்பது வசதியான வழி. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் குடிமக்கள் குறுகிய பயணத்துக்கு விசா இல்லாமலே போகலாம்.

ஏன் சுவான்ஜோ? பழைய நகரம் என்று சீனாவில் விளம்பரம் செய்யப்படும் பல இடங்களில், பழைய மனிதர்களைக் கிளப்பிவிட்டு, வீடுகளைக் கடையாக்கி, ராத்திரி விளக்குப் போட்டு வைத்திருப்பார்கள். இங்கே பழைய பகுதிக்குள் இன்னும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். 1009-ல் கட்டப்பட்ட சிங்ஜிங் மசூதி இருக்கும் தூமென் தெருவிலேயே, சில நிமிட நடையில், பழைய போர்த்தளபதி ஒருவரைத் தெய்வமாகக் கும்பிடும் குவான் யூ கோயிலும் கன்பூசியஸ் கோயிலும் இருக்கின்றன. காலையில் வேலைக்குப் போகிற வழியில் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு, குவான் யூ முன்னால் பிறை வடிவ மரத்துண்டு இரண்டைக் கீழே போட்டு, அது விழும் விதத்தைப் பார்த்து உத்தரவு கேட்டுவிட்டுப் போகிறவர்களை தினமும் பார்ப்பேன். பரீட்சையா, பெண் பார்ப்பதா, புதுக் கடை திறப்பதா, எதுவானாலும் அங்கே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார்கள். நம் ஊரில் பூ போட்டுப் பார்ப்பதைக் கண்டு வளர்ந்த எனக்கு அது புரிய யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு காரணம், வெளிநாட்டுக்காரர் குடியிருப்பது இந்த ஊருக்குப் புதிதே இல்லை. அன்று சீனாவை ஆண்ட சோங் அரசு 1087-ல் இங்கே கடல் வணிக அலுவலகம் வைத்தது. தென்மேற்குப் பருவக்காற்றில் கப்பல் வரும், வடகிழக்குக் காற்று பிடித்தால் திரும்பும். காற்றுத் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்தே பலர் வருடக்கணக்கில் தங்கிவிட்டார்கள். சீனாவிலேயே தங்கிவிடும் அயல்நாட்டாரைக் குறிக்க அந்தக் காலத்தில் 'ஜூ தாங்' என்று ஒரு தனிச் சொல்லே இருந்தது. இந்த ஊரில் கடல் வணிக அதிகாரியாக இருந்த ஜாவ் ருகுவோ 1225-ல் எழுதிய நூலில் சோழ நாட்டைப் பற்றி ஒரு பகுதி உண்டு. மலபார்க் கரையைச் சேர்ந்த ஒரு தந்தையும் மகனும் 'இப்போது நகரின் தெற்கே வசிக்கிறார்கள்' என்றும் அதில் எழுதியிருக்கிறார். எண்ணூறு வருடத்துக்கு முன்பு நம் பக்கத்துக்காரர் ஒருவர் எந்தப் பகுதியில் வீடு எடுத்திருந்தார் என்பதுவரை பதிவாகியிருக்கிறது. அந்தத் தெற்குப் பக்கம்தான் நானும் வீடு பார்த்தேன்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். ஓட்டலில் தங்கினால் போலீஸ் பதிவை ஓட்டல்காரரே செய்துவிடுவார். வீட்டில் தங்கினால், போய்ச் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் நீங்கள் பதிய வேண்டும். பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரரின் அடையாள அட்டை நகல் மூன்றும் கையில் இருக்கட்டும். முடிந்தால் வீட்டுக்காரரையே கூட்டிக்கொண்டு போங்கள். ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போனாலும் மறுபடி போய்ப் பதிந்துவிடுங்கள். வேலை விசாவில் போகிறவர்கள் முப்பது நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதையெல்லாம் தள்ளிப்போடாதீர்கள்.

தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது: பெயர். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும், இல்லையென்றால் அப்பா பெயர் இருக்கும். சீனப் படிவங்கள் இரண்டு மூன்று எழுத்துப் பெயருக்காகப் போடப்பட்டவை. காவல் நிலையத்தில் என் பெயரை முன்னாலும் அப்பா பெயரைப் பின்னாலும் எழுதினார்கள். ஒரு வங்கிக் கிளையில் அதைத் திருப்பிப் போட்டு, நடுவில் இடைவெளி இல்லாமல் ஒட்டி எழுதிவிட்டார்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று என் சம்பளம் ஐந்து வாரம் நின்றுபோனது. முதல் நாளே ஒரு வரிசையை முடிவு செய்து, பாஸ்போர்ட்டின் அடியில் இருக்கும் அந்த இரண்டு வரியில் உள்ளபடியே, இடைவெளி உட்பட, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுத வையுங்கள். அதை ஒரு சீட்டில் அச்சடித்து வைத்துக்கொண்டு நீட்டினால் இன்னும் நல்லது. சிம் கார்டு, ரயில் டிக்கெட், வங்கி, ஆஸ்பத்திரி எல்லாம் இந்த ஒரு விஷயத்தில்தான் தொங்குகின்றன.

பணம் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நான் இருந்த காலத்தில் சீன வங்கிக் கணக்கு இல்லாமல் போன் மூலம் பணம் கட்டுவது பெரும்பாடு. 2023-லிருந்து அலிபே, வீசாட் இரண்டிலுமே வெளிநாட்டு வங்கி அட்டையை இணைத்துக்கொள்ளலாம். காய்கறிக்காரம்மாவுக்குக்கூட அதில்தான் கொடுப்பீர்கள். கூகுள், வாட்ஸ்அப் அங்கே திறக்காது. வீட்டில் இருப்பவர்களிடம் கிளம்பும் முன்பே வீசாட் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். எங்கள் அம்மாவுக்கு அதைக் கற்றுக்கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஆனது. அப்புறம் மூன்று வருடம் தினமும் அதில்தான் பேசினோம்.

வீட்டுக்கு ஒரு மாத வாடகை முன்பணம், மூன்று மாத வாடகை சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது பொதுவான வழக்கம். பழைய நகரின் வீடுகள் தெருப்பக்கம் மிகக் குறுகலாக, உள்ளே நீளமாகப் போய்க்கொண்டே இருக்கும், நடுவில் வானம் தெரியும் சிறு முற்றத்தோடு. கைத்துண்டு மாதிரி நீளம் என்பதால் கைத்துண்டு வீடு என்றே சொல்கிறார்கள். பல சுவர்களில் உடைந்த செங்கல்லும் கருங்கல்லும் கலந்து கட்டியிருப்பதைப் பார்க்கலாம். 1604-ல் வந்த பெரிய நிலநடுக்கத்தில் விழுந்த வீடுகளின் இடிபாட்டை வைத்தே திரும்பக் கட்டியதிலிருந்து வந்த பாணி அது என்கிறார்கள். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் குடியிருக்கிறவர் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். மார்ச், ஏப்ரலில் தெற்கிலிருந்து ஈரக்காற்று திரும்பும்போது அந்த வீடு வேர்க்கும். சுவரில் தண்ணீர் மணிமணியாக நிற்கும், தரை வழுக்கும். முதல் வருடம் என் தோல் பெல்ட், பெட்டி, சாம்பிள் ஷூ எல்லாவற்றிலும் பச்சைப் பூஞ்சை. வெளியே காற்று வரட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைத்தேன். பக்கத்து வீட்டு ஆயி, அதாவது அத்தை மாதிரி வயதுள்ள அம்மா, ஓடி வந்து சாத்தினார். அந்த நாள்களில் ஜன்னலைத் திறக்கவே கூடாதாம். குளிர்காலத்தில் வடக்கே இருப்பது போல வீட்டுக்கு வீடு வெப்பக் குழாய் கிடையாது. பத்து டிகிரி என்று கேட்டால் சாதாரணமாகத் தெரியும். கல் தரையில், ஈரத்தோடு, அது வாட்டி எடுக்கும்.

புயலும் உண்டு. நான் போய்ச் சேர்ந்த அடுத்த மாதமே, 2016 செப்டம்பர் 15 விடியற்காலையில் மெராந்திப் புயல் சியாமெனில் கரையைக் கடந்தது. அன்று அவர்களுக்கு நிலாப் பண்டிகை. முந்தின நாள் மாலை வீட்டுக்கார ஆயி ஒரு கையில் நிலா கேக்கும் இன்னொரு கையில் இரண்டு வாளியுமாக வந்தார். வாளிகளை நிரப்பச் சொன்னார், மாடித் தொட்டிச் செடியை உள்ளே எடுக்கச் சொன்னார், கேக்கைச் சாப்பிடச் சொன்னார். எல்லாம் சைகையில்தான். எங்கள் தெருவுக்கு இரண்டு நாள் மின்சாரம் வரவில்லை. அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு அவர் வீட்டில்தான். ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கே இருப்பவர்கள் புயல் எச்சரிக்கையை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். புதிதாகப் போகிறவர்களுக்கு அக்டோபர், நவம்பர்தான் நல்ல மாதங்கள்.

மனிதர்களோடு பழகுவது டீயில்தான் தொடங்குகிறது. அன்ஷி மலைப்பகுதி இந்த மாநகராட்சிக்குள்ளேயே வருகிறது. தியேகுவான்யின் டீ அங்கே விளைவது. கடைக்குப் போனாலும், சோல் தொழிற்சாலைக்குப் போனாலும், பஞ்சர் ஒட்டப் போனாலும், முதலில் உட்கார வைத்து ஒரு வாய் அளவுக் கிண்ணத்தில் ஊற்றித் தருவார்கள். முதல் தண்ணீரை இலையைக் கழுவிக் கொட்டிவிடுவார்கள். அடுத்து ஊற்றுவது சில நொடிகளே ஊறும். குடித்ததும் கிண்ணம் நிறையும், திரும்பக் குடித்ததும் திரும்ப நிறையும். ஊற்றும்போது இரண்டு விரலால் மேசையை மெல்லத் தட்டினால் நன்றி என்று பொருள். போதும் என்றால் கிண்ணத்தை நிறைவாகவே விட்டுவிட வேண்டும். இது தெரியாமல் முதல் வாரம் மரியாதைக்காகக் குடித்துக் குடித்து ராத்திரி தூக்கமே வரவில்லை. விலை பேசுவது நாலாவது கிண்ணத்துக்குப் பிறகுதான். அவசரப்பட்டால் காரியம் கெடும்.

மொழி இரண்டு. ஆபீசிலும் பள்ளியிலும் மாண்டரின், தெருவில் மின்னான். மலேசியா, சிங்கப்பூர் தமிழர்கள் ஹொக்கியன் என்று கேட்டிருப்பது இதைத்தான். இந்தக் கரையிலிருந்து கப்பலேறியவர்களின் பேச்சு அது. டீக்கு மாண்டரினில் 'ச்சா', மின்னானில் 'தே'. நாம் தேயிலை என்று சொல்வதில் இருக்கும் 'தே' இங்கிருந்து கிளம்பியதுதான். இதை வீட்டுக்கார ஆயியிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. 'தேயிலை' என்று பத்து முறை சொல்ல வைத்துக் கேட்டார். பார்த்ததும் 'சியா பா பே?' என்பார்கள். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். நாம் கேட்பது மாதிரியே, பதிலுக்காகக் கேட்பதில்லை. மாண்டரின் முந்நூறு சொல் கற்றுக்கொண்டு போனால் வேலை நடக்கும். மின்னான் பத்துச் சொல் போதும், ஆனால் அந்தப் பத்துக்கு வாசல் திறக்கும். என்னை 'இந்தியா ஆள்' என்று அறிமுகப்படுத்தினால், பெரியவர்கள் பலரும், 'பினாங்கில் என் மாமா வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் மாதிரியா?' என்றே கேட்டார்கள். வெளிநாட்டில் உறவு இல்லாத குடும்பமே அந்தத் தெருவில் இல்லை. வெளியூரில் தனியாக இருப்பது என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சாப்பாடு நம் நாக்குக்குக் காரம் குறைவு. காலையில் 'மியென்சியென் ஹூ' என்று நூல் மாதிரி மெல்லிய சேமியாவைக் குழைய விட்டுக் கஞ்சி போலத் தருவார்கள், மேலே வெள்ளை மிளகுத் தூள் தூவி. குளிர் காலத்துக்கு அதைப்போல ஒன்று கிடையாது. சிப்பி ஆம்லெட், வேர்க்கடலைப் பாயசம் போன்ற சூப், எண்ணெயில் பொரிக்காத மென்மையான சுருள் ரொட்டி எல்லாம் நன்றாக இருக்கும். கடற்புழுவை வேகவைத்துக் கட்டியாக்கிய ஒரு பண்டமும் உண்டு. அதை நான் தொடவில்லை. மாட்டு விலா எலும்பைக் கறி மசாலாவில் வேகவைத்துத் தரும் கடைகள் பல. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த பழக்கம். பலகையில் 'காலி' என்று எழுதியிருப்பார்கள். நம் 'கறி'தான் ஊர் ஊராகச் சுற்றி அப்படி ஆகியிருக்கிறது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் 'வோ ச்சு சூ', அதாவது நான் சைவம், என்று சொல்லப் பழகுங்கள். ஆனால் கீரை வதக்கலிலும் பன்றிக் கொழுப்பு விழும் என்பதால் 'பன்றி எண்ணெய் வேண்டாம்' என்பதையும் எழுதிக் கையில் வைத்திருங்கள். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே பலர் சைவம். அன்று எளிதாகக் கிடைக்கும்.

பார்க்க வேண்டியவை நிறைய. 2021-ல் இந்த ஊரின் 22 இடங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதற்குப் பிறகு மேற்குத் தெருவில் விடுமுறை நாளில் நடக்க முடிவதில்லை. அதனால் சனி ஞாயிறு வேண்டாம். 1059-ல் முடிந்த லுவோயாங் பாலத்துக்குத் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள். அடித்தளக் கற்கள் நகராமல் இருக்க அவற்றின் மேல் சிப்பிகளை வளரவிட்டு ஒட்ட வைத்தார்கள். தண்ணீர் வற்றும்போதுதான் அந்த அடிப்பகுதி கண்ணுக்குத் தெரியும்.

கைய்யுவான் கோயிலுக்கு மட்டும் ஒரு காலை முழுதும் ஒதுக்குங்கள். 686-ல் தோன்றிய பௌத்தக் கோயில். பதின்மூன்றாம் நூற்றாண்டில் கட்டிய இரண்டு கல் கோபுரங்கள், 1604 நிலநடுக்கத்தையும் தாங்கி நிற்கின்றன. கும்பல் முன்பக்கம் படம் எடுத்துக்கொண்டிருக்கும். நீங்கள் பெரிய மண்டபத்தைச் சுற்றிப் பின்புறம் போங்கள். பின் தாழ்வாரத்தின் நடுவில் மற்றத் தூண்களிலிருந்து வேறுபட்ட இரண்டு தூண்கள், பச்சை கலந்த சாம்பல் நிறக் கல்லில். வட்டத்துக்குள் வட்டமாகச் சிற்பங்கள். கண்ணுயரத்தில் நரசிம்மர் இரணியனை மடியில் போட்டுக் கிழிக்கிறார். இன்னொன்றில் இரண்டு மரங்களுக்கு நடுவே கண்ணன். சீனக் கோயிலில், ஊதுவத்திப் புகைக்கு நடுவே, அந்தச் சிற்பங்களைப் பெயர் சொல்லி அடையாளம் கண்டபோது என்னால் கொஞ்ச நேரம் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை. மங்கோலியர் ஆண்ட யுவான் காலத்தில் இங்கே இருந்த சிவன் கோயிலோடு தொடர்புள்ள தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் கிடைத்திருக்கிறது. சக ஆண்டு 1203, அதாவது கி.பி. 1281 சித்திரையில், சம்பந்தப் பெருமாள் என்பவர் மங்கோலியப் பேரரசரான கானின் நலத்துக்காக இறைவனை எழுந்தருளச் செய்தார் என்று தமிழ் எழுத்தில் சொல்கிறது; அடியில் ஒரு வரி சீனம். அது சியாமென் பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. கோயில் இருந்த இடத்தில் இன்று கோயில் இல்லை. 1357 முதல் 1366 வரை நடந்த கலகத்திலும் அதை அடக்கியபோது நடந்த கொலைகளிலும் அயல்நாட்டார் குடியிருப்பு அழிந்தது. கற்கள் நகர மதிலுக்கும் வேறு கட்டடங்களுக்கும் போயின. கடல்சார் அருங்காட்சியகத்தில் அரபு, சிரியாக் எழுத்துள்ள கல்லறைக் கற்களையும் நம் கோயில் கற்களையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும்போது, அந்த ஊரில் நிம்மதியாக வாழ்ந்தவர்களின் வரலாற்றோடு ஓடிப்போனவர்களின் வரலாறும் இருப்பது தெரியும். சென்தாய் ஊரில் திங் குடும்பத்தார் அப்படித் தப்பிப் போய்த் தங்கிய முஸ்லிம்களின் வழி வந்தவர்கள். இன்றும் முன்னோருக்குப் படைக்கும்போது பன்றிக்கறி வைப்பதில்லை.

மார்க்கோ போலோ இந்த ஊரை 'சைத்தூன்' என்று எழுதினார். 'சிதோங்' என்ற மரத்தின் பெயர் அது; பத்தாம் நூற்றாண்டில் நகர மதிலைச் சுற்றி நட்டார்களாம். முதல் வசந்தத்தில் வேலைக்குப் போகும் வழியில் அது சிவப்பாகப் பூத்திருப்பதைப் பார்த்து ஸ்கூட்டரை நிறுத்தினேன். கிளையில் முள், மூன்று மூன்று இலை. எங்கள் வீட்டுக் கொல்லையில் இருந்த கல்யாண முருங்கை. அந்த இலையில் அடை சுடுவோம் என்று ஆயியிடம் சொல்ல, அவர் என்னை வினோதமாகப் பார்த்தார்.

கடைசியாக ஒரு இடம், பட்டியல்களில் இருக்காது. ஜின்ஜியாங் பக்கம் ச்சிதியென் என்ற கிராமத்தில் ஒரு சின்னக் கோயில். உள்ளே கல்லில் நான்கு கையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு தெய்வம், காலடியில் ஒரு உருவம், இரு புறமும் சேடிகள். இங்கே இருந்த இந்துக் கோயில் ஒன்றிலிருந்து வந்த சிலை என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். கிராமத்தாருக்கு அவள் குவான்யின், சீனர்களின் கருணைத் தெய்வம். சோல் தொழிற்சாலையில் கூட வேலை பார்த்த ஒருவர் அந்த ஊர்க்காரர், அவர்தான் கூட்டிப்போனார். வாசலில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த பாட்டி எழுந்து வந்து, எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். சொன்னேன். அப்படியா என்று தலையாட்டிவிட்டு, மூன்று ஊதுவத்தியைப் பற்ற வைத்து என் கையில் கொடுத்து, எங்கே குத்த வேண்டும் என்று காட்டினார். அப்புறம் 'சியா பா பே?' என்று கேட்டார்.